பாகு காய்ச்சுவது யார்?

கேள்வி: தீபாவளிக்கு அதிரசமும் ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னங்களும் என் தாயார் தம் கையாலேயே செய்வார். மூப்பினால் இப்போது அவருக்கு முடிவதில்லை. வீட்டு மருமகள்களோ எல்லாவற்றையும் கடையில் வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். சமைத்துப் போடுவதில் இருந்த அன்பு நம் டெல்டாக் குடும்பங்களில் மறைந்துவருகிறதே, இதை மீட்க வழி உண்டா? (வாசகர் ஒருவர், மன்னார்குடி)

பதில்: தங்கள் கேள்வியில் அதிரசம் இருக்கிறது, தாயார் இருக்கிறார், மருமகள்கள் இருக்கிறார்கள் (அவர்களுள் ஒருவர் தங்கள் மனைவி என்று கொள்கிறேன்). தாங்கள் மட்டும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தெரிகிறது.

அதிரசம் என்று எழுதுவது எளிது. பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போய்விடுவதற்கு முன்பே இடித்துச் சலித்து, கிலோவுக்கு முக்கால் கிலோ வெல்லம் என்ற கணக்கில் பாகு காய்ச்சி, தண்ணீரில் விட்டால் உருட்டவரும் பதத்தில் சட்டென்று இறக்கி, ஏலமும் சுக்கும் சேர்த்து மாவைக் கொட்டிக் கிளறி, இரண்டொரு நாள் பானையில் வைத்திருந்து, பிறகு தட்டி எண்ணெயில் போட்டெடுத்து, எண்ணெய் வடிய அழுத்தி வைக்க வேண்டும். இவ்வளவும் அரிசி உலர மறுக்கும் ஐப்பசி அடைமழையில் நடந்தது. சம்பா நடவுக்கும் களையெடுப்புக்கும் பகலெல்லாம் சேற்றில் நின்ற பெண்கள்தாம் பல வீடுகளில் இரவில் உலக்கை பிடித்தார்கள். அந்த உழைப்பைக் கூலிக் கணக்கில் எழுத மனம் வராமல், அன்புக் கணக்கில் எழுதிக்கொண்டோம். அன்பு அதில் இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே இருந்தது. ஆனால் காவிரி மேற்கிலிருந்து கிழக்கே போவதைப் போல அதுவும் ஒரே திசையில்தான் ஓடிற்று.

அதிரசம் சுடுவதில் தெருவே மெச்சிய என் தாயார், இனிப்பை விரும்பி உண்பவர் அல்லர் என்பதும், தீபாவளியன்று எல்லோரும் உண்டெழுந்த பின் அவர் தேடியது மோர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயுமே என்பதும் எனக்கு 40 வயதுக்கு மேல்தான் தெரியவந்தன. அதுவரை கேட்கத் தோன்றவில்லை.

மரபு போயிற்று என்ற வருத்தத்தையும் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். பொங்கலன்று நம் பக்கத்துக் குழம்பில் பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் விழாமல் இருக்குமா? இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்; 1498-இல் போர்த்துகீசியர் இந்தியக் கரைக்கு வந்ததற்குப் பிறகே இங்கு வந்து சேர்ந்தவை. பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமான நாளான ஜூன் 12 அன்று திறக்க முடியாமற்போய், காவிரி வறண்டு கிடந்த ஆண்டுகள் பல. அத்தகைய ஆண்டுகளில் ஆடிப் பதினெட்டன்று வறண்ட மணலில் ஊற்றுத் தோண்டியும் குழாயடியில் நின்றும் காவிரியம்மனைக் கும்பிட்டு, காப்பரிசியும் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் படைத்தோம். ஆறே இல்லாமல் ஆடிப்பெருக்கு நடக்கலாம் என்றால், கடை அதிரசத்தோடு தீபாவளி நடக்கக் கூடாதா?

ஆண் கைக்கு அடுப்பு ஒத்துவராது என்ற சமாதானமும் செல்லாது. கோயில் மடைப்பள்ளியிலும் கலியாண வீட்டுக் கோட்டையடுப்பிலும் நூற்றுக்கணக்கானோருக்கு ஆக்கிப் போடுபவர்கள் பெரும்பாலும் ஆண்களே. சம்பளம் உண்டென்றால் கரண்டி பிடிக்கத் தெரிந்த கைக்கு, சொந்த வீட்டுப் படியேறியதும் அது மறந்துபோவதுதான் வியப்பு.

மீட்க வழி கேட்டிருக்கிறீர்கள். வரும் ஐப்பசியில் தாயாரை அடுப்படியில் ஒரு நாற்காலியில் அமரவைத்து, அவர் சொல்லச் சொல்லத் தாங்களே பாகு காய்ச்சுங்கள். மருமகள்கள் அன்றைக்குத் தொலைக்காட்சி பார்க்கட்டும். அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனால் பாகு இளம்பதம், கல்லாக வந்தால் பாகு முற்றிவிட்டது. எது நேர்ந்தது என்பதை ஓர் அஞ்சலட்டையில் எழுதுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.