எழுபது வயது அம்மாவுடனும் பிள்ளைகளுடனும் தீவுகளுக்குக் கப்பலில் போகலாமா?

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டத்தில் வசிக்கிறோம். மூட்டுவலி உள்ள அம்மாவையும் பத்து வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தீவுகளுக்குக் கப்பல் பயணம் போக ஆசை. நம் மன்னார் வளைகுடாத் தீவுகள் போதுமா, லட்சத்தீவு வரை போகலாமா?

போகலாம். ஆனால் முடிவு செய்யும் முன் கப்பலின் அளவையும் அறையின் வசதியையும் விசாரிப்பதைவிட, எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதை விசாரியுங்கள். என் ஊர் பாம்பன். என் அம்மா இளம் வயதிலிருந்து ஐம்பது வயது கடக்கும்வரை தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுத்தவர். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மரிக்கொழுந்துப் பாசிக்காகக் கடலடிப் பவளப்பாறைத் திட்டான பாருக்குள் மூழ்கி எழுந்தவருக்கு எழுபது வயதில் கடலைப் பற்றி எந்த அச்சமும் இல்லை, முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. அவரையும் என் கணவரையும் தம்பியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கொச்சியிலிருந்து ஐந்து நாள் லட்சத்தீவுக் கப்பலில் போய்வந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் நம் தீவுகள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் உள்ளன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் இதைச் சுற்றிய பெரும்பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அதனால் நினைத்த தீவில் நினைத்தபடி இறங்க முடியாது. இந்தக் கட்டுப்பாடு பாசி எடுக்கும் பெண்களின் பிழைப்பைப் பாதித்ததை என் வீட்டிலேயே பார்த்தவள் நான். ஆனாலும் சுற்றுலா என்ற பெயரில் அங்கே கூட்டம் இறங்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அரணாக நின்ற பாறை போனபின் அலை நேரடியாகக் கரையைத் தின்றது; கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. வனத்துறை ஏற்பாட்டில் பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகில் போகலாம். அதை முதலில் செய்யுங்கள். அது தன்னளவிலேயே அழகான பயணம் என்பதோடு, உங்கள் அம்மாவால் ஆடும் படகில் ஏறி இறங்க முடிகிறதா, பிள்ளைகளுக்குக் குமட்டுகிறதா என்பதையும் பெரிய செலவில்லாமல் காட்டிவிடும். பருவம் பார்த்துப் போக வேண்டும். ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் வடகடலான பாக் நீரிணைப் பக்கத்தின் முறை. பங்குனி, சித்திரையில் பெரும்பாலும் இரண்டுமே அமைதியாக இருக்கும்.

லட்சத்தீவுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். மே நடுப்பகுதிக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கும்போது சுற்றுலாக் கப்பல்கள் நின்றுவிடும். செப்டம்பர் கடந்துதான் மீண்டும் தொடங்கும். ஆகவே பள்ளி விடுமுறை முழுவதும் கையில் இருப்பதாக எண்ண வேண்டாம். தம்பி விசைப்படகுக்குப் போகிறவன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைத்த ஏப்ரல் கடைசி வாரத்தைத் தேர்ந்தோம். லட்சத்தீவில் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்காகக் காவல் நிலையச் சான்றும் கேட்டார்கள். எங்களுக்கு அந்தச் சான்று கைக்கு வருவதற்குள் பயணச்சீட்டே கைநழுவிப்போகும் நிலை ஏற்பட்டது. இரண்டு மாதம் முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

கொச்சி வெல்லிங்டன் தீவிலிருந்து தீவுகளுக்குப் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம் ஆகும். கப்பல் இரவில் ஓடும். பகலில் ஒவ்வொரு தீவாக இறக்கிவிட்டு, மாலையில் மீண்டும் ஏற்றிக்கொள்ளும். முதல் இரவு என் மகளுக்கு வாந்தி நிற்கவில்லை. அறைக்குள் படுக்க வைத்து அவளை மேலும் வாட்டிவிட்டோம். அம்மாதான் அவளைக் கப்பலின் நடுப்பகுதித் தளத்துக்கு அழைத்துப்போய், கடலும் வானமும் தொடும் கோட்டையே பார்க்கச் சொல்லி, ஒரு மணி நேரத்தில் தேற்றினார். முன்பகுதியும் பின்பகுதியும்தான் அதிகம் தூக்கிப் போடும்; அறை கேட்கும்போது நடுவில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். வாந்தி மாத்திரை வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வாந்தி தொடங்கியபின் கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

இனி, நான் முதலில் சொன்ன ஏறி இறங்கும் இடம். லட்சத்தீவுகள் பவளத்தீவுகள், தீவைச் சுற்றிப் பாரும், அதற்குள் ஆழமில்லாத காயலும் இருப்பதால் பெரிய கப்பல் பெரும்பாலும் கரையை அணையாது. அது வெளியே ஆழ்கடலில் நிற்கும். பக்கவாட்டுக் கதவு திறக்கும். கீழே சிறு படகு வந்து நிற்கும். கப்பல் கிட்டத்தட்ட அசையாமல் நிற்க, படகு மட்டும் அலையோடு மேலும் கீழுமாக ஆளுயரத்துக்கு எழுந்து தாழும். படகு உயர்ந்து கதவின் மட்டத்துக்கு வரும் அந்த ஓரிரு நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். இருபுறமும் ஊழியர்கள் கையைப் பிடித்து உதவினார்கள்; அதில் குறையே சொல்ல முடியாது. எனினும் பயத்தில் ஒரு நொடி தயங்கினால் படகு கீழே போய்விடும். மதுரையில் பிறந்து வளர்ந்த என் கணவர் அப்படித் தயங்கி, படகின் விளிம்பில் கெண்டைக்காலை இடித்துக்கொண்டு இரண்டு நாள் நொண்டினார். அம்மாவைப் பற்றித்தான் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ மூன்று அலைகளைப் போகவிட்டு எண்ணிப் பார்த்து, நான்காவதில், வலியில்லாத காலை முன்வைத்து, யாரும் இழுக்காமலே படகில் இருந்தார். பிறகு திரும்பி, ‘இப்ப வைடி’ என்று பேத்திக்கும் நேரம் சொன்னார். வத்தை என்னும் சிறு படகில் ஏறி இறங்கிய முப்பது ஆண்டுப் பழக்கம் அது. உங்கள் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் இந்த ஒரு கட்டத்தை மிகவும் கவனமாக எண்ணிப் பாருங்கள். மூன்று தீவுகளுக்கு இறங்குவதும் ஏறுவதுமாக ஆறு முறை இது நடக்கும். விருப்பமில்லாத நாளில் கப்பலிலேயே தங்கிவிடலாம் என்பதையும் அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இவ்வளவு சிரமத்துக்கும் தகுதியான பயணமா என்று கேட்டால், ஆம் என்றுதான் சொல்வேன். கவரத்தியில் கண்ணாடி அடித்தளப் படகில் அமர்ந்து கீழே பார்த்த அம்மா, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தாம் சிறுமியாக இருந்தபோது நம் மன்னார் வளைகுடாவின் மனோலித் தீவுப் பக்கம் பார்கள் இப்படித்தான் இருந்தன என்றார். கல்பேனியின் கிழக்குக் கரையில் 1847ஆம் ஆண்டுப் புயல் வாரிப்போட்ட பவளக் கற்கள் திட்டாகக் குவிந்து கிடக்கின்றன. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது அம்மாவுக்குப் பத்து வயது. அந்தக் கற்களுக்கு நடுவே உட்கார்ந்து, அதுவரை என்னிடம் சொல்லியிராத பலவற்றை அன்று பிள்ளைகளுக்குச் சொன்னார்.

மினிக்காய் எங்களுக்கு இன்னும் நெருக்கமாகிப்போனது. மற்றத் தீவுகளில் மலையாளம் சார்ந்த பேச்சு. இங்கே மாலத்தீவு மொழியோடு உறவுடைய மஹல். மொழி புரியாத அந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் கருத்துக் கட்டைபோல் கிடந்ததைப் பார்த்த அம்மா, ‘மாசி’ என்றார். அந்த வீட்டுப் பெண்ணும் சிரித்துத் தலையசைத்தார். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் உலர்த்தி அவர்கள் செய்யும் அதே பண்டம்தான் கீழக்கரையில் நம் சம்பலுக்கு இடிபடுகிறது. 1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் மேல் பிள்ளைகளும் தம்பியும் ஏறி இறங்கும்வரை அம்மா அந்தத் திண்ணையிலேயே இருந்தார்.

பிள்ளைகளிடம் ஒன்றை முன்பே சொல்லி வையுங்கள்: கரையில் கிடக்கும் பவளத்துண்டையும் எடுக்கக் கூடாது. பவளமும் கடல் அட்டையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. திரும்பும்போது பையைச் சோதிப்பார்கள் என்பதற்காக மட்டுமல்ல, பூவரசன்பட்டிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வெள்ளை மணலில் வெயில் கீழிருந்தும் சுடும். முழுக்கைச் சட்டை அவசியம். அம்மாவின் வழக்கமான மருந்துகளை, தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.

பிடிமானம் இல்லாமல் உயரமான படி ஒன்றில் அவரால் கால் வைத்து ஏற முடியாது என்றால், இப்போதைக்குக் கப்பல் வேண்டாம். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். தண்ணீர் குளம்போல் அசையாமல் இருக்கும். ஒரு காலை நேரம் எல்லோருமாக அங்கே போய்வாருங்கள். அவரே அடுத்த கடலைக் கேட்டால், குந்துகாலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.