கை முழுக்கப் பச்சை குத்தினால் வேலை போகுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. சென்னையில் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனக் கிளையில் நான்கரை ஆண்டுகளாக வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறேன். பதவியின் பெயர் துணை மேலாளர். என் பாட்டியின் இரண்டு முன்னங்கைகளிலும் பச்சை குத்தியிருக்கும். சென்ற ஆண்டு அவர் காலமானார். அந்தக் கோலத்தையே பெரிதாக்கி, வலது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை குத்திக்கொள்ள ஆசைப்படுகிறேன். கிளை மேலாளரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, “அப்படி வந்தால் கவுன்டரில் உட்கார முடியாது, வேலையையே மறந்துவிட வேண்டியதுதான்” என்றார். நியமனக் கடிதத்தில் “நிறுவனத்தின் கண்ணியத்துக்கு ஏற்ற தோற்றத்தில் பணிக்கு வர வேண்டும்” என்று ஒரு வரி இருக்கிறது. டாட்டூ பற்றி எதுவும் இல்லை. இதே கிளையில் ஆண் ஊழியர்கள் இருவரின் முன்னங்கையில் டாட்டூ இருக்கிறது. அவர்களை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. என்னை வேலையிலிருந்து நீக்க முடியுமா? முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமா? மத்திய ஆயுதக் காவல் படைத் தேர்வுக்குத் தயாராகும் என் தம்பியும் இதே கோலத்தைக் குத்திக்கொள்ளப் போவதாகச் சொல்கிறான். அவனுக்குச் சிக்கல் வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் விஷயத்தைப் பொறுமையாகப் பேசலாம். முதலில் தம்பியை நிறுத்துங்கள், அதுவும் இன்றைக்கே.

சி.ஆர்.பி.எப்., சி.ஐ.எஸ்.எப்., எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவற்றின் மருத்துவப் பரிசோதனையில் பச்சைக்கென்றே எழுதப்பட்ட விதி இருக்கிறது. முன்னங்கையின் உட்புறத்தில் குத்தியிருக்கலாம், ஆனால் இடது கையில் மட்டும்தான். வலது கை சல்யூட் அடிக்கும் கை என்பதே காரணம். இடது புறங்கையிலும் இருக்கலாம். அளவோ, அந்த உறுப்பின் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். மதச் சின்னமோ பெயரோ இருப்பது தடையில்லை. உங்கள் பாட்டியின் கோலம் சின்னதாக இடது முன்னங்கையின் உட்புறத்தில் அமைந்தால் விதிக்குள் வந்துவிடும். உங்களைப் போல வலது கையில், தோள்வரை என்றால் எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் வென்ற பையன் மருத்துவ அறையில் தோற்றுத் திரும்புவான்.

இப்படித் தகுதியிழந்தவர்கள் பலர் உயர் நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறார்கள். வலது புறங்கையில் பச்சை குத்தியிருந்த இளைஞர் ஒருவருக்கு, அதை அகற்றிக்கொண்டு மீண்டும் மருத்துவக் குழு முன் நிற்க டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் வாய்ப்புக் கொடுத்தது. நீதிமன்றம் கொடுத்தது அகற்றுவதற்கான அவகாசத்தைத்தான். அந்தப் பச்சையோடு சேரும் உரிமையை அல்ல. கை முழுக்க இருப்பதை லேசரில் அகற்றப் பல அமர்வுகள் ஆகும், ஒவ்வொன்றுக்கும் இடையில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆள்சேர்ப்பு அட்டவணை அதுவரை காத்திருக்காது. அவன் ஆசைப்பட்டால் பணியில் சேர்ந்து, படையின் விதியைப் படித்த பிறகு செய்துகொள்ளட்டும்.

இனி உங்கள் கேள்வி. தனியார் அலுவலக ஊழியர் பச்சை குத்திக்கொள்வதைத் தடுக்கும் சட்டமும் நம் நாட்டில் இல்லை, பச்சை குத்திக்கொண்டவரைப் பாதுகாக்கும் தனிச் சட்டமும் இல்லை. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தன் உடலைப் பற்றிய முடிவை ஒருவர் தானே எடுப்பது அதன் உயிர்நாடி. ஆனால் அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசுக்கு எதிராக நமக்குத் தரப்பட்டவை. தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் கிளை மேலாளர் முன்னால் அந்தத் தீர்ப்பை நீட்டினால் உங்கள் நாற்காலி பத்திரமாகிவிடும் என்று நான் சொன்னால், அது உங்களை ஏமாற்றுவதாகும். உங்கள் தோலில் இருக்கும் ஓவியத்தைச் சட்டம் நேராகக் காக்காது. உங்கள் வேலையை எப்படிப் பறிக்கலாம், எப்படிப் பறிக்கக் கூடாது என்பதில்தான் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. அந்தப் பாதுகாப்பு சின்னதல்ல.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். அதன் 41ஆவது பிரிவு சொல்வது இது: ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்று குற்றம்சாட்டி நீக்கினால் முன்னறிவிப்புத் தேவையில்லை. ஆனால் முறையாக விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்து நிரூபித்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். இந்த 30 நாளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் பதவியின் பெயர் துணை மேலாளர் என்பதால், நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் கையில் எடுக்கும் வாதம் அதுவாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். விசிட்டிங் கார்டில் அச்சடித்திருக்கும் பெயரை நீதிமன்றம் பார்ப்பதில்லை, அன்றாடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் பார்க்கும். யாருக்காவது விடுப்பு அனுமதிக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா? யாரையாவது நியமிக்கவோ தண்டிக்கவோ முடியுமா? பிரீமியம் கட்ட வருபவரின் சந்தேகத்தைத் தீர்ப்பதும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதும்தான் வேலை என்றால், பெயர் எதுவாக இருந்தாலும் நீங்கள் நிர்வாகி அல்ல. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அடிப்படைக் கேள்வி இதேதான்.

சரி, கை நிறையப் பச்சை இருப்பது ‘நியாயமான காரணம்’ ஆகுமா? நிறுவனத்தில் எழுதப்பட்ட தெளிவான விதி இருந்து, அது உங்களுக்குத் தெரிந்திருந்து, மறைத்துக்கொள்ளச் சொல்லியும் நீங்கள் மறுத்திருந்தால், அவர்கள் தரப்பு வலுவாகவே இருக்கும். விதியே இல்லாமல் ‘கண்ணியம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, நான்கரை ஆண்டுகள் குறையில்லாமல் வேலை பார்த்தவரை வெளியே அனுப்பினால் உங்கள் தரப்பு வலுவானது. யாருடைய கண்ணில் கண்ணியம் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை ரத்துசெய்தது. பணிக்காலத்தை நீட்டிப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம் என்றிருந்த, வரையறையில்லாத அதிகாரத்தையும் சேர்த்தே ரத்துசெய்தது. ஏர் இந்தியா அப்போது அரசு நிறுவனம் என்பதால் அந்தத் தீர்ப்பு உங்கள் வழக்கில் நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் ஒரு தனிமனிதரின் விருப்பு வெறுப்பு விதியாகிவிட முடியாது என்று வாதாடுவதற்கு அதைப் போன்ற துணை வேறில்லை.

ஆண் ஊழியர்கள் பற்றி நீங்கள் எழுதியிருப்பதுதான் உங்கள் கடிதத்திலேயே சட்டப்படி கனமான வரி. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, ஒரே வகையான வேலையில் இருப்பவர்களிடையே பணி நிபந்தனைகளில் பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. இது தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். ஆணின் முன்னங்கையில் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், பெண்ணின் கையில் இருந்தால் கண்ணியம் போய்விடும் என்பது இந்தச் சட்டத்தோடு மோதுகிறது. இரண்டு பேரையும் மாட்டிவிடுவது நம் நோக்கமல்ல. அவர்கள் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள், அவர்களும் கவுன்டரில் உட்காருகிறார்களா என்பதை மட்டும் தேதியோடு குறித்து வையுங்கள். அவர்கள் பின்னறையில் கணக்குப் பார்ப்பவர்கள் என்றால் இந்த வாதம் பாதியாகக் குறைந்துவிடும். அவர்களுடையது உள்ளங்கை அகலம், உங்களுடையது கை முழுக்க என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதற்கும் தயாராக இருங்கள்.

இந்த விஷயத்தில் நான் மிகவும் பயப்படுவது பணிநீக்க உத்தரவுக்கு அல்ல, ராஜினாமாக் கடிதத்துக்குத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். காதுக்குக் கீழே தொடங்கி கழுத்துவரை ஒரு பறவை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டாலும் ஒரு சிறகு காலருக்கு வெளியே தெரியும். அவர் கொண்டுவந்த காகிதத்தில், “என் சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன்” என்று நல்ல ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்து மட்டும் அவருடையது. மாலை ஐந்தரை மணிக்கு ஓர் அறைக்குக் கூப்பிட்டு, மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டால்தான் அனுபவச் சான்றிதழ் தருவோம் என்றிருக்கிறார்கள். 41ஆவது பிரிவு நீக்கப்பட்டவருக்கு உரியது. காகிதத்தின்படி அவர் தாமாகவே விலகியவர். மிரட்டி வாங்கிய கடிதம் என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழுந்தது. அந்த அறையில் அவர் பக்கத்துச் சாட்சி என்று யாரும் இல்லை. அன்றிரவே “நான் விரும்பி எழுதியதல்ல” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால்கூட நிலைமை வேறாக இருந்திருக்கும். அவர் என்னிடம் வந்தது இரண்டு மாதம் கழித்து.

ஆகவே யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். “நீக்குவதென்றால் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள்” என்பதைத் தவிர வேறு எதுவும் பேச வேண்டாம். சேர வேண்டிய சம்பளத்தை நிறுத்திவைப்போம் என்று மிரட்டினால், வேலையிலிருந்து நீக்கினாலும் விலகினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைத் தீர்க்க வேண்டும் என்று அதே ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வதை நினைவில் வையுங்கள்.

கவுன்டரிலிருந்து மாற்றினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியமனக் கடிதத்தில் இடமாற்றத்துக்கும் பணிமாற்றத்துக்கும் இடம் இருந்தால், சம்பளம் குறையாமல் உள்வேலைக்கு மாற்றுவதை எதிர்த்து வெல்வது கடினம். இந்தச் சாத்தியத்தை நீங்கள் உண்மையாகவே எண்ணிப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க மனிதர்களோடு பேசும் வேலைதான் உங்களுக்குப் பிடித்தது என்றால், இழப்பு அங்கேதான் இருக்கும். சம்பளத்திலோ படியிலோ கைவைத்தால் மட்டும் அது வேறு வழக்கு.

அனுமதி வாங்க வேண்டுமா? என் கருத்தில், அனுமதி கேட்காதீர்கள், விதி என்ன என்று கேளுங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அனுமதி கேட்டு, மேலாளர் ‘கூடாது’ என்று எழுதிவிட்டால், அதன் பிறகு நீங்கள் செய்வது மேலதிகாரியின் உத்தரவை மீறியதாகிவிடும். ‘நிறுவனத்தில் விதி இருக்கிறதா’ என்று கேட்டால், இருக்கிறது அல்லது இல்லை என்றுதான் பதில் வர முடியும். மனிதவளப் பிரிவுக்கு இப்படி இரண்டே வரி எழுதுங்கள்: “ஊழியர்களின் உடை, தோற்றம், டாட்டூ ஆகியவை குறித்து நம் நிறுவனத்தில் எழுத்து மூலமான விதிமுறை நடைமுறையில் இருக்கிறதா? இருந்தால் அதன் பிரதியை அனுப்பி உதவ வேண்டுகிறேன்.” பாட்டி, கோலம், ஆசை எதையும் அதில் சேர்க்க வேண்டாம். மேலாளர் சொன்னதை மட்டும் தேதி, நேரத்தோடு தனியாக உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

தடை செய்யும் விதி இருக்கிறது என்று பதில் வந்தால், குத்திக்கொள்வதற்கு முன் வேறு வேலை பார்ப்பதே நல்லது. நீதிமன்றத்தை நம்பிக் கையை நீட்ட வேண்டாம். வாடிக்கையாளர் முன் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தால் வழி திறந்துவிட்டது. ஓவியத்தை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல்கடை மேலேயே முடித்துக்கொள்ளுங்கள். முழுக்கைக் குர்த்தா அணிந்து, மேசைக்கு அப்பால் ஒரு படிவத்தைக் கைநீட்டிக் கொடுத்துப் பாருங்கள். துணி எவ்வளவு மேலே ஏறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். சென்னை வெயிலில் ஆண்டு முழுக்க முழுக்கையோடு இருக்க முடியுமா என்பதையும், ஊசியைத் தொடுவதற்கு முன் ஒரு மே மாதம் அணிந்து பார்த்தே முடிவு செய்யுங்கள். விதி எதுவும் இல்லை என்று பதில் வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ, அந்த மின்னஞ்சலே உங்கள் கேடயம். பிறகு அவசரமாக ஒரு விதி எழுதினால், அதற்கு முன்பே கையில் இருந்ததை மீறல் என்று சொல்வது அவர்களுக்கு எளிதாக இருக்காது. மறைக்கச் சொல்வது வேண்டுமானால் செல்லும்.

உங்கள் கோலத்தில் சாதியோ கட்சியோ இல்லை என்பது நல்லது. அப்படி இருந்திருந்தால், பலதரப்பட்ட மக்கள் வந்துபோகும் கவுன்டரில் நிறுவனத்தின் ஆட்சேபத்துக்கு நியாயம் இருக்கிறது என்றே நானும் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய ஆவணங்களில் கைநாட்டுக்குப் பக்கத்தில் “இடது முன்னங்கையில் பச்சை” என்று அங்க அடையாளம் எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பாட்டி காலத்தில் வயலுக்கும் சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் அந்தக் கைகள் தடையில்லாமல் போய்வந்தன, யாரும் கண்ணியக் குறைவு என்று சொன்னதில்லை. இது வழக்கில் வெல்லும் வாதமா என்று கேட்டால், தனித்து நின்று வெல்லாது. ஆனால் ‘நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது’ என்று எதிர்த்தரப்பு எழுதினால், பாட்டியின் கை தெரியும் ஒரு புகைப்படத்தை அதிகாரியின் முன் வைக்க நான் தயங்க மாட்டேன். அப்படி ஒரு படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அந்த இரண்டு வரி மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பி, அதன் பிரதியைச் சொந்த முகவரிக்கும் அனுப்பிக்கொள்ளுங்கள். அலுவலகக் கணக்கு ஒருநாள் திடீரென்று திறக்காமல் போகலாம். பதில் வந்ததும், நியமனக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களோடும் கடைசிச் சம்பளச் சீட்டோடும் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஊசிக்கு நாள் குறியுங்கள்.