வக்கீல் எம்.எல்.ஏ. ஆனால் சன்னத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

சன்னத்தை, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தை, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டவர் தாலுகா கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறார், கட்சியில் சீட் கிடைக்கிற நிலையில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இந்திய பார் கவுன்சிலின் விதி 49. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்காடக் கூடாது என்கிறது அது. எம்.எல்.ஏ.வும் அரசுப் பணம்தானே வாங்குகிறார் என்று அஸ்வினி குமார் உபாத்யாய் போட்ட வழக்கில், 2018 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. மக்கள் பிரதிநிதிக்கு அரசு முதலாளி இல்லை, அதனால் விதி 49 அவருக்குப் பொருந்தாது. "பதவியைப் பார்த்தே வழக்குக் கொடுக்கிற கட்சிக்காரன் ஓடி வருவானே, இது நியாயமா?" என்று கமென்ட்டில் சண்டைக்கு வருபவர்களுக்கு: நான் நியாயம் பேசவில்லை, இன்றைய சட்டத்தைச் சொல்கிறேன். அமைச்சரானால் வக்கீல் கோட்டைக் கழற்ற வேண்டியதுதான். அருண் ஜெட்லி 2009-இல் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் ஆனதற்கே பிராக்டிஸை விட்டார்.

வக்கீல்கள் உண்மையில் மாட்டுவது ஜி.பி. (அரசு வழக்கறிஞர்), பி.பி. (குற்ற வழக்குகளுக்கான அரசு வழக்கறிஞர்) மாதிரியான பதவிகளில். ராஜஸ்தானில் 1967-இல் கோலாயத் தொகுதியில் ஜெயித்த காந்தா கதூரியா, ஒரே ஒரு வழக்குக்குத்தான் சிறப்பு அரசு வழக்கறிஞர். அது ஆதாயம் தரும் பதவி, அதில் இருப்பவர் போட்டியிட முடியாது என்று உயர் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்தில் தப்பினார், அங்கும் நீதிபதிகள் இரண்டு பட்டார்கள். அதற்குள் மாநில அரசு முன்தேதியிட்டு ஒரு சட்டமே போட்டிருந்தது. நமக்காக யாரும் சட்டம் போட மாட்டார்கள். ஆகவே அப்படிப்பட்ட பதவியில் இருந்தால் ராஜினாமாக் கடிதம் மட்டும் போதாது. அதை ஏற்றுக்கொண்ட உத்தரவின் நகல் வேட்புமனு பரிசீலனைக்கு முன்பே கையில் இருக்கட்டும்.

அடுத்தது படிவம் 26, வேட்புமனுவோடு தர வேண்டிய அபிடவிட். ஊருக்கெல்லாம் அபிடவிட் எழுதுகிறவர்கள் தங்களுடையதில் கட்டத்தைக் காலியாக விடுவார்கள். விடாதீர்கள், "இல்லை" என்றாவது எழுதுங்கள். நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் வேட்புமனுவைத் தள்ளலாம் என்று 2013-இலேயே தீர்ப்பு இருக்கிறது. கோர்ட் புறக்கணிப்பு, மறியல் என்று போட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் அவையும் அதில் வர வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. கடைசி நாள் மாலை 3 மணிக்குக் கதவு மூடிவிடும்.

ஜெயித்தால் சட்டசபை நடக்கும் நாளும் சாட்சி விசாரணை நாளும் மோதும். இப்போதே வழக்கின் கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கி, ஜூனியர் பெயரையும் வக்காலத்தில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வாய்தா கேட்டு நிற்க வேண்டும்.

ஜூனியர் என்றதும் இன்னொன்று. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்கச் சொல்லி 2024-இல் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. பெயர்ப் பலகையில் "முன்னாள் எம்.எல்.ஏ." என்று போட்டுக்கொள்ளும் சீனியர்களில் எத்தனை பேர் அதைக் கொடுக்கிறார்கள்? குறுக்கு விசாரணை முழுக்க அந்தப் பையன்தான் செய்கிறான், கையில் வருவது பஸ் காசு.