பிரேக்கை மிதித்தால் விழும் எரிபொருள் முள்

கேள்வி: ஐயா, என்னுடையது இருபது வருடம் தாண்டிய பிக்கப். டேங்க்கை நிரப்பினாலும் முள் பாதிக்கு மேல் ஏறுவதில்லை. இரவில் பிரேக்கை மிதித்தால் இன்னும் கீழே விழுந்து, காலை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. கொஞ்ச நாளாக, நின்ற இடத்தில் மிதித்துப் பிடித்திருக்கும்போது பிரேக் பெடலும் மெதுவாகக் கீழே இறங்குகிறது. பிரேக் ஆயில் எங்கும் சொட்டவில்லை, அளவும் குறையவில்லை. இரண்டுக்கும் ஒரே காரணமா? மீட்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

பதில்: இரண்டுக்கும் சம்பந்தமில்லை. முதலில் பெடலைப் பாருங்கள், ஏனென்றால் முள் பொய் சொன்னால் நடுவழியில் நிற்பீர்கள், அவ்வளவுதான். பெடல் தரையைத் தொட்டால் வண்டி நிற்காது. சரிசெய்யும் வரை தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள்.

ஆயில் குறையவில்லை, ஆனால் பெடல் இறங்குகிறது என்றால் பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஓங்கி மிதிக்காமல் லேசாக அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பலமாக மிதிக்கும்போது அழுத்தத்தில் சீல் விரிந்து ஓரளவு அடைத்துக்கொள்ளும், லேசாக மிதிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, நாலைந்து முறை மிதித்ததும் மேலே வந்து நின்றால் அது வேறு கதை, ஆயில் லைனில் ஏர் இருக்கிறது அல்லது பின் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் இடைவெளி கூடிவிட்டது.

வெளியே லீக் இல்லை என்று முடிவு கட்டும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். பின் டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஓரமாக நெம்பினால் உள்ளே ஈரம் இருக்கக்கூடாது. அப்புறம் மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைத் தளர்த்தி, பைப்புகள் வளையாதபடி சற்று முன்னால் இழுத்து, பூஸ்டரோடு (கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) சேரும் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். அங்கே கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போய்விடும், தரையில் ஒரு சொட்டுகூட விழாது.

புது மாஸ்டர் சிலிண்டர் போட்டால் வண்டியில் மாட்டும் முன்பே அதில் ஏர் எடுத்துவிடுங்கள், அதாவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிடுங்கள். பிறகு உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால், தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து நான்கிலும் எடுங்கள். பழைய சிலிண்டரோடு ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்கவே கூடாது. வழக்கமாக பிஸ்டன் போகாத இடத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும், அதன் மேல் சீல் உரசினால் நன்றாக இருந்ததும் அன்றே போய்விடும். ஆயில் மூடியில் டாட் 3 என்று இருந்தால் டாட் 3 அல்லது 4 ஊற்றலாம். டாட் 5 சிலிகான் ஆயில், அதைக் கலக்காதீர்கள்.

இப்போது முள். மீட்டரை மாற்ற வேண்டாம், அது நன்றாகவே இருக்கக்கூடும். பிரேக் விளக்குக்கும், டேங்க்கில் மிதவையோடு இருந்து எரிபொருள் அளவை மீட்டருக்கு அனுப்பும் சென்டருக்கும் (sender) பின்பக்கம் பல வண்டிகளில் மின்சாரம் சேஸிஸுக்குத் திரும்பும் எர்த் ஒன்றேதான். 21 வாட் பல்பு இரண்டு எரியும்போது மூன்றரை ஆம்பியர் அந்த வழியாகத் திரும்ப வேண்டும், எர்த் துருப்பிடித்திருந்தால் அங்கே வோல்ட் தேங்கி முள் தடுமாறும். இரவில் பின் விளக்கும் சேர்ந்து எரிவதால் உங்களுக்கு அப்போது நன்றாகத் தெரிகிறது. சாவியை அணைத்துவிட்டு சென்டரின் எர்த் ஒயரிலிருந்து சேஸிஸில் சுத்தமான இடத்துக்குத் தனி ஒயர் ஒன்று மாட்டி, அதன் பிறகு சாவியைத் திருப்புங்கள். டேங்க் பக்கத்தில் தீப்பொறி வரக்கூடாது, அதனால்தான் இந்த வரிசை. முள் நிமிர்ந்தால் விஷயம் முடிந்தது, எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும் வரை தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்குங்கள்.

நிமிரவில்லை என்றால் சென்டரின் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். மிதவை நகரும்போது எண் சீராக மாற வேண்டும், திடீரென்று குதித்தால் உள்ளே இருக்கும் தடம் தேய்ந்துவிட்டது. எண் எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி வேறு. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் காலி என்றால் 0 ஓம், நிறைந்தால் 90. அதே காலத்து ஃபோர்டில் தலைகீழ், காலிக்கு 73, நிறைந்தால் 10 என்ற அளவில் இருக்கும். இது தெரியாமல் கிடைத்த மீட்டரையோ சென்டரையோ வாங்கிப் போடுபவர்களுக்குத்தான் முள் எதிர்த்திசையில் ஓடுகிறது. வெப்ப முள்ளும் சேர்ந்து தவறாகக் காட்டினால் மட்டும் டாஷ்போர்டுக்குப் பின்னால் தேடுங்கள், பழைய வண்டிகள் சிலவற்றில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் அங்கே இருக்கும்.

கேள்வி: சுமை இல்லாமல் போகும்போது பிரேக் போட்டால் என் பிக்கப்பின் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்கின்றன. ஷூ புதிது.

பதில்: பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ மேலே ஒரு வால்வுக்குப் போகிறதா பாருங்கள். சுமைக்கு ஏற்றபடி பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான், துருவில் இறுகியிருக்கலாம், ஸ்பிரிங் பட்டை கூட்டி வண்டியை உயர்த்தியிருந்தால் அளவும் மாறியிருக்கும். கம்பியை எங்கேயாவது கட்டிவைத்து ஓட்டுவது ஆபத்து, கையேட்டில் உள்ள அளவுக்குத் திருத்துங்கள். ஷூவில் ஆக்ஸில் ஆயில் பட்டிருந்தாலும் இப்படிப் பூட்டும்.

கேள்வி: காலை எடுத்த பிறகும் இடது முன் சக்கரம் மட்டும் பிடித்தபடியே இருந்து சூடாகிறது. காலிப்பரை மாற்றவா?

பதில்: பொறுங்கள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். பிடித்திருக்கும் நிலையிலேயே காலிப்பரில் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) ஏர் எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் திறங்கள். ஆயில் பீச்சி, சக்கரம் உடனே சுற்றினால் குற்றவாளி ரப்பர் ஹோஸ். வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்சுவர் உப்பி, ஆயிலை உள்ளே விட்டுத் திரும்ப விடாமல் அடைத்திருக்கும். இரண்டு பக்க ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டனோ சறுக்குப் பின்னோ பிடித்திருக்கிறது, அப்போது காலிப்பரைக் கழற்றலாம்.