ஓட்டாஞ்சில்லு

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், தோழிகள் தன்னை ‘ஆஸ்ட்ரசைஸ்’ செய்துவிட்டார்கள் என்று அழுகிறாள். ஒதுக்கிவைப்பது என்கிறது அகராதி. எங்கிருந்து வந்தது இந்தச் சொல்? - வாசகி, காரைக்குடி

பதில்: பாண்டி விளையாடும்போது கட்டத்தில் எறிவோமே ஓட்டாஞ்சில்லு, அதிலிருந்துதான்! உடைந்த பானையோட்டுக்குக் கிரேக்கத்தில் ‘ஓஸ்ட்ரகான்’ என்று பெயர். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில், யாரையாவது ஊரைவிட்டு அனுப்பலாமா என்று வருஷத்துக்கு ஒருமுறை மக்கள் சபையில் கேட்பார்கள். சரி என்று முடிவானால், பிறகு ஒரு நாள் சந்தைத் திடலில் கூடி, ஆளுக்கொரு ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். மாட்டியவர் 10 நாளில் கிளம்ப வேண்டும். 10 வருஷம் திரும்பக் கூடாது. குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. ஆனால் வீடு, நிலம் அவருடையதாகவே இருக்கும்.

எந்த ஒருவரும் மிஞ்சிய பலம் பெற்றுக் கொடுங்கோலராகிவிடக் கூடாது என்றுதான் இதைத் தொடங்கினார்கள். நடந்தது வேறு. அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றிலிருந்து, தெமிஸ்டோக்ளிஸ் பெயர் கீறிய ஓடுகள் சுமார் 190 கிடைத்தன. பாரசீகக் கப்பற்படையை முறியடித்த தளபதி அவர். அத்தனை ஓட்டிலும் இருந்தது பதினான்கு பேரின் கையெழுத்துதான். யாரோ உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி, கூட்டத்தில் விநியோகிக்க வைத்திருக்கிறார்கள். உங்கள் மகளின் வகுப்பிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்: ஒன்றிரண்டு பேர் முடிவு செய்திருப்பார்கள், மற்றவர்கள் வாங்கிப் போட்டிருப்பார்கள்.

என் அம்மா பிறந்த ஊரில் ஒரு குடும்பத்தை ஊர்விலக்கு செய்திருந்தார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தை குடத்தோடு வந்தால், குழாயடியில் பேச்சு சட்டென்று நின்றுவிடும். குடம் நிரம்பும் சத்தம் மட்டும் கேட்கும். அதற்குப் பத்து வருஷம் என்று கெடுகூட இல்லை.

மகளுக்கு அரிஸ்டைடிஸ் கதையைச் சொல்லுங்கள். ‘நேர்மையாளர்’ என்று பெயரெடுத்தவர். வாக்களிக்கும் நாளில், எழுதத் தெரியாத ஒருவர் அவர் யாரென்று தெரியாமல் அவரிடமே பானையோட்டை நீட்டி, “அரிஸ்டைடிஸ் என்று எழுதிக் கொடுங்கள்” என்றாராம். “அவர் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்?” “ஒன்றுமில்லை. எங்கே போனாலும் நேர்மையாளர், நேர்மையாளர் என்கிறார்களே, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.” அரிஸ்டைடிஸ் பேசாமல் எழுதிக் கொடுத்தார் என்கிறார் பண்டைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். வெளியேற்றியும் விட்டார்கள். அப்புறம் கி.மு. 480இல் பாரசீகர்கள் படையெடுத்து வந்தபோது, பத்து வருஷம் முடியும் முன்பே அதே ஊர் அவரைத் திரும்ப அழைத்தது. அவரும் போனார்.