இரண்டு பெயர், ஒரே தளம்!

கேள்வி: உபுண்டு சர்வரில் அப்பாச்சி 2.4 என்ற வெப் சர்வர் மென்பொருளைப் போட்டு, இரண்டு தளங்களுக்கு விர்ச்சுவல் ஹோஸ்ட் (ஒரே சர்வரில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி அமைப்பு) எழுதியிருக்கிறேன். எந்தப் பெயரை அடித்தாலும் முதல் தளமே திறக்கிறது. அமைப்புக் கோப்புகளைச் சோதிக்கும் கான்ஃபிக்டெஸ்ட் கொடுத்தால் 'சின்டாக்ஸ் ஓகே' என்கிறது. எங்கே தவறு?

பதில்: 'சின்டாக்ஸ் ஓகே' வந்துவிட்டால் கோப்புகள் சரி என்று நினைத்துவிடுகிறோம். படித்த கோப்புகளில் எழுத்துப் பிழை இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். உங்கள் இரண்டாவது கோப்பைப் படித்ததா என்று அது சொல்லாது.

அப்பாச்சிசிடிஎல் கட்டளையோடு மைனஸ் போட்டு, பெரிய எழுத்தில் எஸ் சேர்த்து ஓட்டுங்கள். எந்த போர்ட்டில் எந்தப் பெயர், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி, டிஃபால்ட் எது என்று எல்லாம் வந்துவிடும். யார் உதவி கேட்டாலும் நான் முதலில் பார்க்க நினைப்பது இந்தப் பட்டியலைத்தான்.

இரண்டாவது பெயர் அதில் இல்லையா? இயங்க வேண்டிய தளங்களின் கோப்புகள் இருக்கும் சைட்ஸ்-எனேபிள்டு அடைவைப் பாருங்கள். கோப்பின் பெயர் .கான்ஃப் என்று முடியாவிட்டால் அப்பாச்சி அதைத் தொடாது, எச்சரிக்கையும் தராது. பெயர் இருந்தும் தளம் மாறவில்லை என்றால் அப்பாச்சியை ரீலோட் செய்து, கோப்புகளை மறுபடி படிக்க வையுங்கள். அந்தப் பட்டியல், கோப்புகளைப் படித்து வருவது; ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிடம் பழைய அமைப்பே இருக்கலாம்.

எனக்கு அதிகம் சந்தேகம் வருவது வேறொன்றில். முதல் கோப்பில் சர்வரின் ஐபி முகவரியும் போர்ட் 80-உம், இரண்டாவதில் நட்சத்திரக் குறியும் ('எந்த முகவரியானாலும்' என்று அர்த்தம்) 80-உம் போட்டிருக்கிறீர்களா? அப்பாச்சி முதலில் முகவரியைத்தான் பொருத்தும். முழு முகவரி எழுதிய விர்ச்சுவல் ஹோஸ்ட் பிளாக் இருக்கும்போது, அந்த முகவரிக்கு வரும் கோரிக்கைக்கு நட்சத்திர பிளாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதில் சர்வர்நேம் (தளத்தின் பெயர்) எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. இரண்டிலும் நட்சத்திரமே போடுங்கள்.

அப்புறம், பெயர் எதுவும் பொருந்தாவிட்டால் முதலில் படித்த பிளாக்தான் பதில் சொல்லும். கோப்புகளை அகர வரிசையில் படிப்பதால்தான் உபுண்டு தன் டிஃபால்ட் கோப்புக்கு 000 என்று பெயர் தொடங்குகிறது. டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ சேர்த்த பெயரை மாற்றுப் பெயர்களுக்கான சர்வர்ஏலியாஸில் எழுதாவிட்டாலும் இதே கதைதான். ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு போர்ட் 443-இல் தனி பிளாக் வேண்டும்.

சோதிக்கும்போது பிரவுசரை நம்ப வேண்டாம். பழைய 301 (நிரந்தர) திசைமாற்றத்தை அது நினைவில் வைத்திருக்கும். டெர்மினலிலிருந்தே பக்கத்தைக் கேட்கும் கர்ல் கட்டளையில், தளத்தின் பெயரைச் சொல்லும் ஹோஸ்ட் ஹெடரை நீங்களே கொடுத்துப் பாருங்கள்.