பட்டிக்குள் புகும் நாய்கள்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவர் பதில்களும்

(நாய்கள் கடித்து ஆட்டுக்குட்டிகளைப் பறிகொடுத்த வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கப்படுகிறது.)

கேள்வி: மதிப்பிற்குரிய மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் கொறங்காட்டில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில்) மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் வளர்க்கிறோம். பட்டி வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. சென்ற மாதம் விடியற்காலையில் நாய்கள் உள்ளே புகுந்து, பால் மறக்காத ஒரு பெட்டைக்குட்டியைக் கடித்துக் கொன்றுவிட்டன. இரண்டு தாயாடுகளுக்குத் தொடையில் சிறு காயம் மட்டுமே இருந்ததால் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிவிட்டோம். அவற்றில் ஒன்று நான்காம் நாள் இறந்துவிட்டது. கடியே படாத ஒரு சினையாடு குட்டியை வீசிவிட்டது. அந்தச் சிறு காயத்துக்கு ஆடு ஏன் சாக வேண்டும்? குட்டியை இழந்த தாயாடு இன்னும் கத்திக்கொண்டே இருக்கிறது. அதை என்ன செய்வது?
– ஒரு வாசகி, காங்கயம் வட்டம்

பதில்: அம்மா, கையில் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டியாக இருந்தாலும், தாயோடு விட்ட குட்டியாக இருந்தாலும், பட்டிக்குள் அது கிழிந்து கிடப்பதைக் காண்பது எவருக்கும் தாங்க முடியாத வேதனையே. அந்த வேதனையில் எல்லோருடைய கவனமும் இறந்த குட்டியின் மேலேயே இருந்துவிடுவதால், நின்றுகொண்டிருக்கும் ஆடுகளைப் பார்க்க வேண்டிய முதல் சில மணி நேரம் கைநழுவிப் போகிறது. உங்கள் பட்டியிலும் அதுவே நடந்திருக்கிறது என்று கருதுகிறேன்.

நாயின் கோரைப் பல் தோலில் இடும் துளை மிகச் சிறியது. ஆனால் கவ்விய பிறகு நாய் தலையை உதறி இழுப்பதால், தோலுக்கு அடியில் இருக்கும் தசை கிழிந்து, தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு பை போன்ற வெற்றிடம் உண்டாகிவிடுகிறது. நாயின் வாயில் உள்ள கிருமிகள் அந்தப் பைக்குள் போய்ச் சேர, வெளித்துளை ஓரிரு நாளில் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டி நஞ்சு உடலெங்கும் பரவுகிறது. மேலே மஞ்சள் பூசியிருப்பதால் காயம் ஆறுவதுபோல் தோன்றும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஆடு தீவனம் எடுக்காமல் படுத்துவிடும். கடித்த இடத்தை மெல்ல அழுத்தினால் தோல் தளதளவென்று நகரும், சில வேளை உள்ளே காற்றுக் குமிழிகள் நொறுங்குவது போன்ற உணர்வு விரலில் தெரியும். அந்த நிலைக்கு வந்த ஆட்டைக் காப்பாற்றுவது கடினம்.

ஆகவே நாய் புகுந்தது தெரிந்தவுடன், இரத்தம் தெரிகிற ஆட்டை மட்டும் பார்க்காமல், பட்டியில் உள்ள ஒவ்வோர் ஆட்டையும் பிடித்து, தொண்டை, காதடி, விலா, தொடையின் உட்புறம், மடி ஆகிய இடங்களில் மயிரை விலக்கிப் பார்க்க வேண்டும். துளை இருக்கும் இடத்தில் மயிரைக் கத்தரித்துவிட்டு, கையில் உறையோ பாலித்தீன் பையோ அணிந்துகொண்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். வெறிநாய்க்கடிக் கிருமி சோப்பு நீரில் அழியக்கூடியது என்பதால், வேறு எந்த மருந்துக்கும் முன்பாக இதுவே முதன்மையான சிகிச்சை. பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை ஊற்றலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் போன்றவற்றைத் துளைக்குள் அடைத்தால் சீழ் வெளியேறும் வழியை நாமே மூடிவிடுகிறோம். வேப்பெண்ணெயைக் காயத்தைச் சுற்றித் தடவினால் ஈ அண்டாது. புழு வைக்காமல் இருக்க அது உதவும். அந்த அளவில் அது நல்லது. தையல் போடுவதா, திறந்து விடுவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ரண ஜன்னிக்கான ஊசியும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அன்றே தொடங்கப்பட வேண்டும். கடிபட்ட ஆட்டுக்கான தடுப்பூசி, முதல் ஊசி போடும் நாளை 0 எனக் கொண்டு 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. ஆட்டை வண்டியில் ஏற்ற முடியாத நிலை என்றால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைக்கலாம்.

உங்கள் சினையாடு குட்டி வீசியதற்குக் காரணம் துரத்தலே. நாய்களுக்கு அஞ்சி வெகுநேரம் ஓடிய ஆடு, மேலே ஒரு கீறலும் இல்லாமல், தசை சிதைந்தும் மூச்சு இளைத்தும் ஓரிரு நாளில் இறந்துவிடக்கூடும். வேலி ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி மூச்சு முட்டிச் செத்த செம்மறிகளும் உண்டு. எனவே அன்று முழுவதும் மந்தையை மேய்ச்சலுக்கு ஓட்டாமல், நிழலில் நிறுத்தி, தண்ணீரும் பசுந்தழையும் கொடுத்து, அந்நியர் கூட்டம் சூழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செத்த குட்டியைப் பார்க்க ஊரே பட்டிக்குள் வருவது, ஏற்கெனவே மிரண்டிருக்கும் ஆடுகளை மேலும் மிரட்டும்.

குட்டியை இழந்த தாயின் மடியை உடனே கவனியுங்கள். குடிக்கக் குட்டி இல்லாமல் மடி கல்லாகக் கட்டிக்கொண்டால் மடிநோய் வந்துவிடும். வலி தீரும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி, நாளுக்கு நாள் அதைக் குறைத்து, அடர்தீவனத்தையும் சில நாட்களுக்குக் குறைத்தால் பால் தானே வற்றும். பட்டியில் தாயில்லாக் குட்டியோ, இரட்டையில் இளைத்த குட்டியோ இருந்தால், இந்தத் தாயின் பாலையே அதன் முதுகிலும் வாலடியிலும் தடவி, இரண்டையும் ஒரு சிறு தடுப்புக்குள் விட்டுப் பாருங்கள். தாயாடு குட்டியை மோந்துதான் அறிகிறது. முதலில் முட்டித் தள்ளினாலும், பிடித்துக்கொண்டு ஊட்டினால் பல ஆடுகள் சில நாளில் சேர்த்துக்கொள்கின்றன. தாயாட்டுக்கே கடி இருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: நாய் கடித்துக் குற்றுயிராகக் கிடந்த கிடாக்குட்டியை வீணாக்க வேண்டாமென்று அறுத்துக் கறியாக்கிவிட்டார்கள். வேகவைத்தால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். இது சரியா?
– ஒரு வாசகர், நத்தம்

பதில்: சரியன்று. நன்றாக வேகும்போது வெறிநாய்க்கடிக் கிருமி அழிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஆபத்து உண்பவரைவிட அறுப்பவருக்கே மிகுதி. கடிபட்ட இடத்தின் மயிரிலும் தோலிலும் நாயின் எச்சில் ஈரமாக ஒட்டியிருக்க, விரலில் முள் கீறலோ கத்திக் காயமோ உள்ளவர் அதை உரித்தால், நாய் அவரைக் கடித்ததற்கு நிகரான நிலையே உண்டாகிறது. குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக் கழுவிய பெண்களுக்கும், அறுத்தவருக்கும், கையில் காயம் இருந்ததா என்று கேட்டு, இருந்திருந்தால் காலம் தாழ்த்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கு தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது. நோய்க்குறி தோன்றிவிட்டால் மனிதரையும் காப்பாற்ற இயலாது, ஆட்டையும் காப்பாற்ற இயலாது என்பதால் இதில் தயக்கமே கூடாது.

கடிபட்டுப் பிழைத்த ஆட்டைச் சில மாதங்கள் கண்காணிப்பில் வைத்திருங்கள். குரல் மாறி இடைவிடாமல் கத்துதல், வாயில் நீர் வடிதல், காரணமின்றி மற்ற ஆடுகளை முட்டுதல், பின்னங்கால்கள் தளர்ந்து விழுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தனியே கட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று எண்ணி வாய்க்குள் கையை விடுவது மிகப் பெரும் ஆபத்து.

கேள்வி: நாய் கடித்து இறந்த ஆட்டுக்கு அரசு இழப்பீடு தருவதாகச் சொல்கிறார்கள். குட்டியை அன்றே புதைத்துவிட்டோம். இனி விண்ணப்பிக்க முடியுமா?
– ஒரு வாசகர், தாராபுரம் வட்டம்

பதில்: காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் ஆடு வளர்ப்போர் தொடர்ந்து போராடியதை அடுத்து, தெருநாய்கள் கடித்து இறக்கும் ஆடு, மாடு, கோழிகளுக்கு இழப்பீடு வழங்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025-இல் அறிவித்தது. ஆனால் எந்த இழப்பீட்டுக்கும் அடிப்படை, அந்த உயிர் நாய்க்கடியால்தான் இறந்தது என்பதற்கான கால்நடை மருத்துவரின் சான்று. உடலைப் பார்க்காமல் அவர் சான்று தர முடியாது. புதைத்த உடலை வைத்து இப்போது செய்யக்கூடியது குறைவு. அன்று எடுத்த படங்கள் இருந்தால் அவற்றோடு கால்நடை மருந்தகத்தை அணுகிப் பாருங்கள்.

இனி இவ்வாறு நேர்ந்தால் உடலை இடம் மாற்றாமல், காயமும் பட்டியும் நாயின் கால்தடமும் தெரியுமாறு படம் எடுத்துக்கொண்டு, காக்கையும் நாயும் அண்டாதபடி கூடையால் மூடிவைத்து, மருத்துவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகே, சுண்ணாம்பு தூவி, நாய்கள் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். ஓடையில் வீசிவிடுவது, அதே நாய்களுக்கு நாமே மறுபடியும் இரை போடுவதாகும். காப்பீடு செய்த ஆடாக இருந்தால் காதில் உள்ள அடையாள வில்லையைக் கழற்றவே கூடாது. வில்லையோடு கூடிய தலையின் படம் இல்லாமல் கோரிக்கை நிற்காது. மானியத்துடன் கூடிய காப்பீட்டைப் பற்றி உங்கள் மருந்தகத்தில் கேளுங்கள். குட்டிகளுக்கும் சேர்த்துக் கிடைக்குமா, எந்த வயது முதல் என்பதையும் அப்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டோம். எங்கள் ஊர் இளைஞர்கள் கறியில் குருணை மருந்து (குருணை வடிவப் பூச்சிக்கொல்லி நஞ்சு) கலந்து வைத்துவிடலாம் என்கிறார்கள். வேறு வழி என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் ஊராரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆண்டு முழுவதும் பாடுபட்டு, பண்டிகைக்கு விற்றுக் கடன் அடைக்கலாம் என்று வைத்திருந்த குட்டிகள் ஒரே விடியலில் போகும்போது, பொறுமையாக இருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் நஞ்சு வைக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கறியை ஆடு கொன்ற நாய்தான் தின்னும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. காவலுக்கு நிற்கும் உங்கள் சொந்த நாய் தின்னும், காகம் தூக்கிச் சென்று அடுத்தவர் கிணற்று மேட்டில் போடும். குருணையைக் கொத்தும் மயில் சாகும். மயில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. நாய்க்கு நஞ்சு வைப்பதற்கே பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

சட்டத்தில் உங்களுக்கு உதவக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள், தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகள் மீது வைத்து, பிறகு நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன. ஆடு கொன்று பழகிய கூட்டம் கருத்தடைக்குப் பிறகு அதே பட்டிக்குத் திரும்பி வந்தால் விவசாயிக்கு என்ன பயன் என்ற உங்கள் கேள்வி முழுக்க நியாயமானது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த ஆணையில், வெறிநோய் கண்ட அல்லது அந்த ஐயமுள்ள நாய்களையும், மூர்க்கமாக நடந்துகொள்ளும் நாய்களையும் திரும்ப விடாமல் தனியே காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. ஆகவே மனுவில் "தெருநாய்த் தொல்லை" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தேதியில், எந்தக் காட்டில், எத்தனை ஆடுகள், எத்தனை நாய்கள், அவற்றின் நிறம் என்ன என்று குறிப்பிட்டு, மருத்துவர் சான்றுகளை இணைத்து, இவை மூர்க்கமான நாய்கள் என்று தெளிவாக எழுதுங்கள். பாதிக்கப்பட்ட அனைவரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும், விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். கிராம சபையில் தீர்மானமாகவும் கொண்டுவாருங்கள்.

அதே கிராம சபையில் இன்னொன்றையும் பேச வேண்டும். கோழிப் பண்ணைகளில் செத்த கோழிகளையும், இறைச்சிக் கடைக் கழிவுகளையும் இரவோடு இரவாகச் சாலையோரத்திலும் ஓடையிலும் கொட்டுவது கொங்கு வட்டாரத்தில் பெருகியிருக்கிறது. நாய்கள் அங்கேதான் கூட்டம் சேர்கின்றன, அங்கேதான் குட்டி போடுகின்றன. கொட்டும் இடத்தை அப்படியே விட்டுவிட்டு நாய்களை மட்டும் பிடித்தால், அடுத்த கூட்டம் அங்கு வந்து சேர அதிக காலம் ஆகாது.

கேள்வி: ஆட்டுப்பட்டிக்கு எந்த வேலி போடலாம்? காவலுக்கு எந்த நாய் நல்லது?
– ஒரு வாசகி, வேடசந்தூர்

பதில்: கிளுவை வேலி கொறங்காட்டின் எல்லைக்கு அழகும் நிழலும் தரும், மாடு தாண்டாது. ஆனால் அடியில் தூர் விலகிய இடத்தில் நாய் எளிதில் நுழைந்துவிடும். காடு முழுவதையும் நாய் புகாமல் அடைப்பது பெரும் செலவு. இரவில் அடைக்கும் பட்டியை மட்டும் உறுதியாக அமைப்பது பெரும்பாலோருக்கு இயலக்கூடியது. கம்பி வலை ஐந்தடி உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிட முதன்மையானது அடிப்பகுதி: வலையின் கீழ்முனையை ஓரடியாவது மண்ணுக்குள் இறக்குங்கள், அல்லது வெளிப்புறமாகத் தரையோடு மடக்கிக் கல் அடுக்குங்கள். நாய்கள் பெரும்பாலும் தாண்டுவதைவிடப் பறித்தும் நெம்பியும்தான் நுழைகின்றன. மூங்கில் படலின் மூலைக் கட்டுகளை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பால்குடிக் குட்டிகளை இரவில் கூடை கவிழ்த்து மூடும் பழக்கம் இருந்தால், பட்டியின் ஓரத்தில் வேண்டாம், நடுவில் மூடிவையுங்கள். ஓரத்தில் கத்தும் குட்டியே நாயை வேலிக்கு அழைத்து வருகிறது.

காவலுக்கு ராஜபாளையம், கோம்பை இரண்டும் நம் மண்ணில் பெயர் பெற்றவை. நாட்டு நாயும் போதும். எந்த இனமானாலும் குட்டிப் பருவத்திலேயே ஆடுகளோடு பழக்கி, பட்டிக்குப் பக்கத்திலேயே சோறு வைத்து வளர்க்க வேண்டும். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள், கருத்தடையும் ஒருமுறை செய்துவிடுங்கள். இரவில் அவிழ்த்துவிடப்படும் தோட்டத்து நாய்களே தெருநாய்களோடு சேர்ந்து அடுத்த ஊர்ப் பட்டியில் புகுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே உங்கள் நாயைப் பட்டிக்குள் விடுங்கள், அல்லது பட்டி வாசலில் நீளமான சங்கிலியில் கட்டுங்கள். ஊருக்குள் அவிழ்த்துவிட வேண்டாம்.